விரதத்தில் ஒரு முட்டைக் கண்ணாடி

முப்பது முட்டைகளும் சிவப்பாக இருந்தன.

ஸ்வெட்லின் ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜை மூடினான். மறுபடி திறந்தான். சிவப்பு மாறவில்லை. ஒன்றை எடுத்து மேசைமேல் சுழற்றிவிட்டான். பம்பரம் போலச் சுற்றியது. அவித்த முட்டை.

அட்டையின் மேல் அவன் ஒட்டியிருந்த சீட்டு அப்படியே இருந்தது. "தொடாதீர்கள் – ஸ்வெட்லின்."

"டோன்கா அக்கா!"

டோன்கா அடுத்த அறையிலிருந்து வந்தார். இருபது வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தின் உதவியாளர். விரல் நுனியெல்லாம் சிவப்பு.

"பார்த்துட்டியா? ஒண்ணுகூட வெடிக்கல. தண்ணியில கொஞ்சம் வினிகர் விட்டேன். அதான் சூட்சுமம்."

"தொடாதீங்கன்னு எழுதியிருந்தேனே அக்கா."

"பெரிய வியாழனுக்கு முதல் நாள் முப்பது முட்டை வாங்கி வச்சுட்டு, தொடாதீங்கன்னு எழுதினா என்ன அர்த்தம்? கேட்க வெட்கப்படறான்னு அர்த்தம். இந்த வருஷம் உன் வீட்டுல ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட ஆள்..." டோன்கா நிறுத்திக்கொண்டார். "நல்ல சிவப்பு வந்திருக்கு" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் ஸ்வெட்லின். "ஆனா எனக்குப் பச்சை வெள்ளைக்கரு வேணும். கண்ணாடி செய்யணும்."

"முட்டையில கண்ணாடியா?"

"ரெண்டு வருஷமா அதைத்தானே செய்யறேன்?"

டோன்கா வாயில் கைவைத்தார். "விரத நாள்ல திருட்டுத்தனமா ஆம்லெட் போடறேன்னு நினைச்சேன். சத்தியமா யார்கிட்டயும் சொல்லல."

மணி ஒன்பதே கால். நாளை மாலை ஆறு மணிக்குள் கண்ணாடி மேட்டுத்தெரு தேவாலயத்தில் இருக்க வேண்டும்.

வேலை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வெள்ளைக்கருவை மெல்லிசாக ஊற்றிக் காயவிட்டால் வறண்ட ஏரி போல வெடிக்கும். காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் வைத்து, அந்த வெடிப்புகளில் வெள்ளியை ஆவியாக்கிப் படியவிட வேண்டும். பிறகு தண்ணீரில் கழுவினால் வெள்ளைக்கரு போய்விடும். வெடிப்பு இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிக் கம்பிவலை மட்டும் நிற்கும். கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும். ஆனால் மின்சாரம் ஓடும். ஓடினால் இளம்சூடு வரும். இளம்சூடு இருந்தால் மூச்சுக்காற்று பட்டு மங்காது.

மற்றவர்கள் வெள்ளிக் கம்பித் துணுக்குகளைத் தூவி இதையே செய்கிறார்கள். அதில் பாதிக் கம்பிகள் ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும், பல்கலைக்கழக நிர்வாகம் மாதிரி. வெடிப்பில் பிறந்த வலையில் அந்த வெட்டி உத்தியோகம் கிடையாது. ஒவ்வொரு வெடிப்பும் இன்னொன்றில் போய் முட்டித்தான் நிற்கும். ஒரு வழி அடைத்தால் மின்சாரம் பக்கத்துச் சந்தில் போகும்.

இதையெல்லாம் ஸ்வெட்லின் துறைத் தலைவர் பேராசிரியர் கால்செவாவிடம் மார்ச் மாதமே விளக்கினான்.

"வரைபடம் காட்டாதே" என்றார் அவர். "பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே போச்சு. உன் வேலை மே மாசத்தோட முடியுது. நீட்டிக்கணும்னா, இந்தக் கட்டடத்துக்கு வெளியில வேலை செய்யற சாமான் ஒண்ணே ஒண்ணு காட்டு."

மேட்டுத்தெரு தேவாலயத்தில் மாதா படம் ஒன்று உண்டு. பெரிய வெள்ளியன்று ஊரே வரிசையில் வந்து அதன் கண்ணாடியை முத்தமிடும். ஐம்பதாவது ஆள் வருவதற்குள் கண்ணாடி மங்கி மாதா மறைந்துபோவாள். "ஜனங்க மாதாவை முத்தமிடல, முன்னாடி போனவன் மூச்சைத்தான் முத்தமிடறாங்க" என்று ஃபாதர் யானாகி வருடா வருடம் புலம்புவார். கால்செவாவும் அந்த வரிசையில் நிற்பவர்தான்.

அந்தப் படத்துக்குக் கண்ணாடி செய்து தருவதாக ஸ்வெட்லின் சொன்னான். "சரி, செய்" என்றார் கால்செவா. "பெரிய வெள்ளியன்னிக்கு நானே வந்து பார்ப்பேன். என் முறை வரும்போது மாதா முகம் தெரிஞ்சா உனக்கு இன்னொரு வருஷம்."

வேலை போனால் பகலிலும் ஆளில்லாத வீட்டில் இருக்க வேண்டும். ஸ்வெட்லினால் ஆகாதது அது ஒன்றுதான்.

மூன்று கடை ஓடினான். மூன்றிலும் முட்டை அட்டைகள் காலி. சாயப் பொட்டலம் மட்டும் மலை மலையாகக் கிடந்தது. நான்காவது கடையில் ஆறு வாத்து முட்டைகள் இருந்தன.

"இது சாயம் பிடிக்காது சார்" என்றாள் கடைக்காரி.

"எனக்கு வெடிச்சாப் போதும்."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பையில் போட்டாள்.

வாத்து முட்டையின் வெள்ளைக்கரு கெட்டி. மெல்லிசாகப் பரவ மாட்டேன் என்றது. காய ஆறு மணி நேரம் எடுக்கும் போலிருந்தது. ஸ்வெட்லின் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னல் வரை போய் வந்தான். பிறகு டோன்காவின் தலைமுடி உலர்த்தியை வாங்கி அதன்மேல் பிடித்தான்.

"மெதுவாக் காயட்டும்னு இப்பத்தானே நீ சொன்னே?"

"அது நேரம் இருக்கறவங்களுக்கு அக்கா."

வெடித்தது. படபடவென்று, அகலம் அகலமாக. கெட்டிப் படலம் அப்படித்தான் வெடிக்கும். நாலு மணிக்கு வெள்ளி படிந்து, கழுவி முடித்து, இரண்டு ஓரத்திலும் வெள்ளிப் பசை தடவி மீட்டரை வைத்தான். மின்தடை எட்டே ஓம். இவ்வளவு நன்றாக மின்சாரம் ஓடிய வலையை அவன் செய்ததே இல்லை.

விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கண்ணாடி முழுவதும் கோடு கோடாகத் தெரிந்தது.

"தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது" என்றார் டோன்கா.

"முத்தம் குடுக்கறவங்க தூரத்துல இருந்தா குடுப்பாங்க?"

டோன்கா ஒரு சிவப்பு முட்டையை அவன் பைக்குள் போட்டார்.

தேவாலயத்தில் ஃபாதர் யானாகி சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தார். தாடியைத் தடவினார். பக்கத்தில் வெலிக்கா நின்றார். மெழுகுவர்த்தி விற்பது, தரை துடைப்பது, ஃபாதரைத் திருத்துவது எல்லாம் அவர் பொறுப்பு.

"மாதாவுக்கு வயசாயிடுச்சே" என்றார் ஃபாதர்.

ஒரு கோடு கண்ணில் தொடங்கிக் கன்னம் வழியாகத் தாடை வரை இறங்கியிருந்தது.

"தலைகீழாத் திருப்பிப் போடலாம் ஃபாதர். எந்தப் பக்கமா இருந்தாலும் கரண்ட் ஓடும்."

திருப்பினான். மாதாவின் முகம் தெளிவானது. மடியில் இருந்த குழந்தைக்கு மீசை முளைத்தது.

வெலிக்கா இடுப்பில் கட்டியிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்க மாமனார் மாதிரியே இருக்கு."

"பழையபடியே போடு" என்றார் ஃபாதர். "நாளைக்குப் பெரிய வெள்ளி. அழற மாதாதான் பொருத்தம்."

ஸ்வெட்லின் மறுபடி திருப்பினான். அப்போதுதான் வெலிக்கா கேட்டார்.

"ஏன் தம்பி, இதை எதுல செஞ்சீங்க?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். களைப்பில் தோன்றவில்லை. "முட்டையோட வெள்ளைக்கருவுல."

ஃபாதரின் கை தாடியிலேயே நின்றது.

"முட்டையா? ஜனங்க நாப்பது நாளுக்கு மேல பீன்ஸ் சூப்பைக் குடிச்சுக்கிட்டு உசுரைப் பிடிச்சு வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு நாள் இருக்கறப்போ நான் அவங்களை முட்டையை நக்க வைக்கணுமா?"

"முட்டை இப்ப இல்ல ஃபாதர். கழுவியாச்சு. வெள்ளி மட்டும்தான் இருக்கு. அதுவும் உள்பக்கம். உதடே படாது."

"உள்பக்கம்னா மாதா பக்கமா?" என்றார் வெலிக்கா. "அது இன்னும் மோசம்."

"எத்தனை தடவை கழுவின?" என்றார் ஃபாதர்.

"ரெண்டு."

"மூணாக் கழுவு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. என் மனசு ஆறட்டும்."

பின்கட்டுக் குழாயில் மூன்றாம் முறை காட்டினான். வலை தாங்கியது. துடைக்க மெல்லிய துணி பைக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வெலிக்கா பாத்திரம் தேய்க்கும் நாரின் பச்சைப் பக்கத்தால் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ நூல் நூலா ஒட்டிக்கிட்டிருந்துச்சு தம்பி. போகவே மாட்டேன்னு அடம். நான் விடுவேனா?"

ஸ்வெட்லின் மீட்டரை வைத்தான். தொண்ணூறு ஓம்.

"பாருங்க, மாதா அழுகையும் நின்னுடுச்சு" என்றார் வெலிக்கா.

நின்றுதான் இருந்தது. கன்னத்துக் கோடு போயிருந்தது. கூடவே முக்கால்வாசி வலையும்.

புதிதாகச் செய்ய நேரமில்லை, முட்டையும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பெரிய மின்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தான். எட்டு ஓமுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும் என்றிருந்தது. தொண்ணூறு ஓமைச் சூடாக்க நாற்பது வேண்டும். திருகினான். கையை மேலே காட்டினான். நடுவில் லேசான சூடு.

"நல்லாருக்கு" என்றான்.

"இரு, சோதிச்சுப் பார்த்துடுவோம்" என்றார் ஃபாதர் யானாகி. சிலுவை போட்டுக்கொண்டார். குனிந்தார். பழக்கத்தில் கீழ் மூலையில் உதட்டை வைத்தார்.

"ஆ!"

நாரிடம் தப்பிப் பிழைத்த கம்பிகள் பெரும்பாலும் அந்த மூலையில்தான் இருந்தன. பாலம் உடைந்த ஊரில் எல்லா வண்டியும் மிச்சமிருக்கும் ஒரே பாலத்தில் ஏறுவதைப் போல மின்சாரம் அத்தனையும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு போயிருந்தது.

"ஐயோ, கரண்ட் அடிச்சுடுச்சு!" என்று வெலிக்கா கத்தினார்.

"கரண்ட் இல்ல, சூடு. வெறும் சூடுதான்."

"உடட்டுக்கு ரெண்டும் ஒண்ணுடான்" என்றார் ஃபாதர். உதடு அதற்குள் வீங்கிவிட்டது. "சாயந்திரம் நாலு மணி நேரம் பாடணும் நான்."

"மன்னிச்சிடுங்க ஃபாதர்."

"மன்னிக்கிற நாள்டான் இன்னிக்கு. இல்லேன்னா..." மீதியை அவர் வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய் தடவிக்கொண்டே விழுங்கினார். வெண்ணெயும் விரதத்தில் ஆகாது.

பழைய கண்ணாடியையே போட்டுவிடலாம் என்று வெலிக்கா சொன்னார். ஃபாதரும் தலையாட்டும் நிலையில் இருந்தார். ஸ்வெட்லின் கைகூப்பாத குறை.

"நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள சரியாகலேன்னா நானே கழட்டிடறேன்."

அறுந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேடினான். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் வெள்ளிப் பசையில் தோய்த்த மெல்லிய தூரிகை. ஒரு முனையைத் தொட்டு, இன்னொரு முனை வரை இழுத்து, மூச்சை விட்டு, அடுத்தது. மதியம் சாப்பிடவில்லை. வெலிக்கா பீன்ஸ் சூப் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஆறிப்போனது. அறுபது ஓம். நாற்பது. முப்பது. மூன்றரைக்கு இருபது ஓம்.

வோல்ட்டைக் குறைத்து வைத்தான். மேலே, கீழே, நாலு மூலையிலும் வெப்பமானி முப்பத்தெட்டு டிகிரி காட்டியது. கண்ணாடிக்கு அருகில் போய் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதினான். மங்கவில்லை. மறுபடி ஊதினான். மாதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். ஒயரைத் தரையோடு தரையாக டேப் போட்டு ஒட்டினான்.

"இப்ப கிளம்பு" என்றார் ஃபாதர். "மீட்டரை வச்சுக்கிட்டு மாதா பக்கட்டுல நிக்காதே. கரண்ட் பில் எடுக்க வந்தவன் மாதிரி இருக்கு."

"தூரத்துல இருந்தாவது பார்க்கறேன் ஃபாதர்."

"அந்தக் கடைசிட் தூணுக்குப் பின்னாடி நில்லு. அசையாதே."

ஸ்வெட்லின் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு ஆறு மணிக்கு வந்து தூணுக்குப் பின்னால் நின்றான். அசையாமல் இருக்க முடியவில்லை. ஒரு காலில் நின்றான், மறு காலில் நின்றான்.

வெளியே மழை. ஊர் முழுவதும் ஈரக் கோட்டோடு உள்ளே வந்தது. ஜன்னல்கள் ஐந்தே நிமிடத்தில் வெளுத்துப்போயின. ஸ்வெட்லினின் மூக்குக்கண்ணாடியும் மங்கியது. துடைத்தான். மங்கியது. துடைத்தான்.

நடுவில் பூக்கள் மூடிய உயரமான மேசை. மேலே இறந்த கிறிஸ்துவின் சித்திரத் துணி. ஜனங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, வழக்கப்படி மேசைக்குக் கீழே தவழ்ந்து, மறுபக்கம் எழுந்து, நேரே மாதாவிடம் போனார்கள். முத்தமிட்டார்கள். நகர்ந்தார்கள்.

பத்து. இருபது. ஐம்பது.

மாதா முகம் தெளிவாக இருந்தது.

எண்பது. நூறு. தூணுக்குப் பின்னாலிருந்தே மாதாவின் இமையை எண்ணலாம் போலிருந்தது.

ஜனங்களைப் பார்க்கத்தான் ஆச்சரியமாக இருந்தது. முத்தமிட்டுவிட்டு வந்தவர்கள் முகமெல்லாம் சிவந்திருந்தது. ஒரு பருமனான மனிதர் அவன் நின்ற தூணைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். ஒரு பெண் நெஞ்சில் கைவைத்தபடி பெஞ்சில் சரிந்தாள். இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே தாவலில் போய் முத்தமிட்டுத் திரும்பினார்கள். இந்த ஊரில் இவ்வளவு பக்தி இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

மாதாவின் முகம் இப்படித் தெளிவாகத் தெரிந்தால் யாருக்குத்தான் உருகாது என்றும் தோன்றியது. அவனும் சிலுவை போட்டுக்கொண்டான். ஒரு வருடத்தில் முதல் தடவை.

நூற்று நாற்பதாவது ஆளாகப் பேராசிரியர் கால்செவா போனார். மாதாவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். பார்த்தார். குனிந்தார். முத்தமிட்டார். வேகமாக விலகினார். நேராகத் தூணுக்கு வந்தவர் வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. இரண்டு தடவை மூச்சை இழுத்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"ஸ்வெட்லின்."

"மேடம்."

"முப்பது வருஷமா இந்த வரிசையில நிக்கறேன். முதல் தடவையா மாதா கண்ணைப் பார்த்தேன்."

"நன்றி மேடம்."

"செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு வா. கையெழுத்துப் போட்டுடலாம். ஒரு வருஷம் இல்ல, ரெண்டு." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நகராட்சி பஸ்காரங்ககிட்டயும் பேசறேன். குளிர்காலத்துல அவங்க கண்ணாடி படற பாடு தெரியுமில்ல? அடுத்த மாசமே அவங்களுக்குச் செஞ்சு காட்டணும்."

"காட்டறேன் மேடம்."

மணி அடித்தது. ஜனங்கள் மெழுகுவர்த்திகளோடு ஊர்வலமாக வெளியே போனார்கள். வீங்கிய உதட்டோடு ஃபாதர் யானாகி முன்னால் பாடிக்கொண்டு போனார். தேவாலயம் காலியானது.

ஸ்வெட்லின் தூணிலிருந்து விடுபட்டான். இரண்டு வருடம். பகல் முழுக்க ஆய்வுக்கூடம். டோன்கா அக்காவுக்கு முதலில் போன் செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாம் என்று மாதாவிடம் வந்தான்.

தரையில் டேப் மட்டும் இருந்தது. ஒயர் சுருட்டப்பட்டு, மெழுகுவர்த்தித் திரியால் அழகாக முடிச்சுப் போடப்பட்டு, ஜன்னல் கொக்கியில் தொங்கியது.

கண்ணாடியைத் தொட்டான். சில்லென்று இருந்தது.

வெலிக்கா தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வெலிக்காம்மா, இதை எப்ப பிடுங்கினீங்க?"

"நாலு மணிக்கே, தம்பி. நீங்க அந்தப் பக்கம் போனதும். ஜனங்க மேசைக்குக் கீழ தவழ்ந்து வர்ற இடத்துல ஒயரை விட்டு வைப்பேனா? முட்டி தடுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அப்ப சாயந்திரம் பூரா கரண்டே இல்லையா?"

"இல்லைன்னுதான் நினைக்கறேன். ஆனா உள்ள கொஞ்சம் தேங்கி நிக்கும்ல?"

"நூத்தைம்பது பேர் முத்தம் குடுத்திருக்காங்க. பின்ன எப்படி மங்காம இருந்துச்சு?"

வெலிக்கா சுரண்டுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"யாரு மூச்சு விட்டா மங்கறதுக்கு? கண்ணாடி முன்னாடி மூச்சு விட்டா கரண்ட் பிடிச்சு இழுத்துடும், ஃபாதர் உதட்டைப் பாருங்கன்னு சொல்லித்தானே ஒவ்வொருத்தருக்கும் மெழுகுவர்த்தியே குடுத்தேன்?"